பெருக்கு மருந்து

வாழைக்கு ஒன்பது மாதம் ஆனால் அது ஆள் உயரம் தாண்டித் தார் தள்ளியிருக்க வேண்டும். பாக்கியராஜ் வைத்த அறுநூறு வாழையும் ஒன்பதாம் மாதத்தில் அவன் இடுப்புக்கு நின்றன. யாரோ கழுத்தைப் பிடித்துக் கீழே அமுக்கினது மாதிரி இலைகள் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கிக்கொண்டு கிடந்தன. தண்டு உயரவில்லையே தவிர, அடியில் பக்கக்கன்றுக்குக் குறைச்சல் இல்லை. ஒரு மரத்தைச் சுற்றிப் பத்து, பன்னிரண்டு. திங்கட்கிழமை அறுத்தால் வெள்ளிக்கிழமை விரல் நீளத்துக்கு எட்டிப் பார்க்கும்.

சித்திரை வெயில் ஏழரை மணிக்கே முதுகில் ஏறிவிட்டது. சூலூரிலிருந்து பல்லடம் போகிற சாலையை விட்டு உள்ளே இறங்கினால், வேலிகளுக்கு நடுவே போகிற இட்டேரியின் கடைசியில் ராசாத்தாளின் தோட்டம். தென்னையைத் தாண்டி அக்கட்ட இருக்கும் அரை ஏக்கரை அவள் பாக்கியராஜுக்கு வாரத்துக்கு விட்டிருந்தாள். தண்ணீர் அவளுடையது, பாடு அவனுடையது, விளைவதில் ஆளுக்குப் பாதி.

பாக்கியராஜ் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கன்றுகளை அறுத்துப் போட்டுக்கொண்டே போனான். அவன் பெண்டாட்டி இருதயம்மாள், வேலைக்குப் போகிற சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அறுத்ததைக் கூடையில் அள்ளினாள். எட்டேகால் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். தலைக்கு மேலே சூலூர் விமானப்படை விமானம் ஒன்று வானத்தைக் கிழித்துக்கொண்டு போனது. தென்னையில் இருந்த காக்கைகள் எல்லாம் எழும்பின. பாக்கியராஜ் நிமிரவில்லை. இருபத்திரண்டு வருசம் விசைத்தறிக்கு நடுவில் நின்ற காது அது.

"ஏம்ப்பா பாக்கியம், வாழை வெச்சிருக்கறயா, கோரைப்புல்லு வெச்சிருக்கறயா?"

ராசாத்தாள் வரப்பில் நின்றிருந்தாள். புருசன் போன பிறகு தோட்டத்தை ஒண்டியாகப் பார்க்கிறவள். இருதயம்மாள் கையை நீட்டிப் புருசன் தோளைத் தொட்டாள். அவன் திரும்பிப் பார்த்து, தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு எழுந்தான்.

"கோரையா இருந்தாலும் பாய் முடையலாம். இது எதுக்காகும்? உரம் எச்சாக் காட்டிப்போட்டயா?"

"இல்லீங்கம்மா. குப்பை எருவு, நீங்க சொன்ன புண்ணாக்கு. அதுக்கு மேல ஒண்ணும் காட்டலீங்க."

"மெதுவாப் பேசு. நான் என்ன தறியா?"

"சத்தம் தெரியறதில்லீங்க."

"உரமும் இல்ல, தண்ணியும் கொறையில்லன்னா அப்பக் கன்னுதான் பழுது. எங்க கொழுந்தனார் பையன் விவசாயச் சங்கத்துல இருக்கறானில்ல, அவங்கிட்டச் சொன்னேன். வெள்ளிக்கெழமை கலெக்டர் ஆபீசுல குறை கேக்கற கூட்டமாம். ரெண்டு வாழையக் கெழங்கோட பேத்து மேசை மேல வெச்சர்லாங்கறான். கன்னு குடுத்த கம்பெனிக்காரன் பதில் சொல்லட்டும்."

"இன்னொரு மாசம் பொறுத்துப் பாக்கலாமுங்கம்மா," என்றாள் இருதயம்மாள். "தார் தள்ளுனாலும் தள்ளும்."

"நீ அங்க வேல பாக்கறவ அம்மணி, அப்படித்தான் சொல்லுவ. உன்ற சோறு அங்க. என்ற தண்ணி இங்க."

பாக்கியராஜ் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வெள்ளிக்கெழமைக்கு முன்னால நானே நாளைக்குப் போயி ஒரு வார்த்தை கேட்டர்றனுங்க," என்றான். "கேக்காம மனுக் குடுத்தா நல்லாருக்காதுங்க. வேல செய்யறவ ஊட்டுக்குன்னு நல்ல மனசுல குடுத்தாங்க."

இருதயம்மாள் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு வரப்பேறினாள். நல்ல மனசிலும் கொடுக்கவில்லை, கெட்ட மனசிலும் கொடுக்கவில்லை. கம்பெனி கொடுக்கவே இல்லை. அது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

*

கம்பெனி என்று அவர்கள் சொன்னது, திசு வளர்ப்பில் வாழைக்கன்று செய்கிற ஒரு கூடத்தை. வாசலில் செருப்பைக் கழற்றி, கால் நனைத்து, வளையல், பூ, ஊக்கு எல்லாம் எடுத்து வைத்துவிட்டு நீல அங்கியும் குல்லாயும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டுதான் உள்ளே போக முடியும். இருதயம்மாள் கழுத்துச் சிலுவையைக் கூடப் பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கொள்வாள். உள்ளே பதினாறு பெண்கள் ஆளுக்கொரு காற்றுப்பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். பெட்டியிலிருந்து சுத்தக் காற்று முகத்தில் வீசும். பாட்டிலைத் திறந்து, குருத்துக் கொத்தை இடுக்கியால் எடுத்து, கத்தியால் பிளந்து, ஒன்றை மூன்றாக, நாலாக வேறு பாட்டில்களில் நட்டு மூட வேண்டும். கத்தியை ஒவ்வொரு தடவையும் ஸ்பிரிட்டில் முக்கி நெருப்பில் காட்ட வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். விரல் நுனியெல்லாம் ஸ்பிரிட்டில் வெடித்து, வீட்டில் மிளகாய் கிள்ளினால் எரியும்.

பாட்டில் திறந்திருக்கும்போது வாயைத் திறக்கக் கூடாது என்பது அங்கே முதல் சட்டம். எச்சில் ஒரு பொட்டுத் தெறித்தாலும் மூன்றாம் நாள் பாட்டிலில் பூசணம் படர்ந்துவிடும். இருதயம்மாளுக்கு இது சிரிப்பாக இருந்தது. கல்யாணத்துக்கு முந்தியும் பிந்தியும் அவள் வேலை பார்த்த தறிக்குடோனில் சத்தத்தில் பேச்சுக் கேட்காது. இங்கே பேசவே கூடாது. எங்கே போனாலும் வாயைக் கட்டிப்போடுகிற வேலையாகத்தான் அவளுக்கு வாய்த்தது.

நிதானமான கை என்று அவளைப் பாட்டிலுக்குள் ஊற்றுகிற கூழ் காய்ச்சும் அறைக்கும் அனுப்புவார்கள். கடல்பாசி, சர்க்கரை, பத்துப் பதினைந்து உப்பு, கடைசியில் அந்த மருந்து. அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. சூப்பர்வைசர் ஷைலா, படித்த பெண், முப்பது வயசுகூட இருக்காது, 'பிஏபி' என்பாள். செடிக்குள் இருக்கிற செல்லைப் பிரிந்து பிரிந்து பெருக வைக்கிறது அதுதான் என்று சொல்லிக் கொடுத்திருந்தாள். பெண்கள் தங்களுக்குள் பெருக்கு மருந்து என்றே வைத்துக்கொண்டார்கள். லிட்டருக்கு ஐந்து மில்லிகிராம், இரண்டு கடுகு எடை. அந்த இரண்டு கடுகுக்குத்தான் ஒரு குருத்து நாலு வாரத்தில் ஐந்தாகும். அது கூழில் இருக்கிற வரைக்கும் குருத்துத்தான் பெருகும், வேர் இறங்காது. வேர் வேண்டுமென்றால் அது இல்லாத கூழுக்கு மாற்ற வேண்டும். ரொம்பப் பெருக விட்டாலும் ஆகாது, அளவு கூடினாலும் ஆகாது. செடிக்குத் தான் என்ன செடி என்பதே மறந்துபோகும் என்பாள் ஷைலா.

முந்தின வருசம் தை மாதத்துக்கு முன்னே ஒரு நாள், மூன்று மாதத்துக்கு வருகிற மருந்துக் கரைசலை இருதயம்மாள் கலந்துகொண்டிருந்தபோது கரண்டு போனது. தராசு அணைந்தது. குருத்து அறைக் கதவுகளைச் சாத்தச் சொல்லி யாரோ கூப்பிட, ஓடினாள். திரும்பி வந்தபோது தாளில் பொடி ஒட்டிக்கொண்டிருந்தது. போட்டோமா, போடவில்லையா என்று நின்று யோசித்தாள். மறுபடி நிறுத்துப் போட்டாள். அந்தக் கரைசலில்தான் மூன்று சுற்று வெட்டு நடந்தது.

மூன்றாவது சுற்றில் ஷைலா ஒரு தட்டுப் பாட்டில்களை விளக்கடியில் தூக்கிப் பார்த்துவிட்டு நின்றுவிட்டாள். பன்னிரண்டு குருத்து இருக்க வேண்டிய பாட்டிலில் ஐம்பது, அறுபது. கண்ணாடிக்குள் பச்சை திணித்து வைத்தது போல.

"கரைசல் யாருங்க கலந்தது?"

"நாந்தானுங்க மேடம்."

ஷைலா வேறு யாரிடமும் கேட்கவில்லை. பதிவேட்டில் 'பூசணம்' என்று எழுதி, அந்த வரிசை முழுக்க ஆவியில் வேக வைத்துக் கொட்டிவிடச் சொன்னாள். மேலே போய்ச் சொல்லியிருந்தால் இருதயம்மாளுக்கு அன்றைக்கே வேலை போயிருக்கும். சொல்லவில்லை.

வேக வைக்கிற வேலையும் அவளுக்கே வந்தது. பாட்டிலைக் கையில் எடுத்தாள். எத்தனை பெருத்த பயிர். அவள் அப்பன் மழை பார்த்துச் சோளம் விதைத்து, முளைத்தது பத்தில் மூன்றுதான் என்று மண்ணில் உட்கார்ந்து அழுததைப் பார்த்தவள் அவள். நெருங்கி முளைத்தால் கும்பிட்டு வாங்கிக்கொள்கிற வம்சத்தில் வந்தவளுக்கு, இவ்வளவு தழைத்ததைக் கொதியில் போட மனசு வரவில்லை. வீட்டில் வேறு, குடோன்காரர் தறிகளைப் பழைய இரும்புக்கு எடைபோட்ட நாளிலிருந்து பாக்கியராஜ் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். ஒரு வருசம். பல்லுத் துலக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

கொத்துக் கொத்தாக இடுக்கியில் உருவி, ஈரத்துணியில் சுற்றி, சோறு கொண்டுபோகிற தூக்குப்போசியில் அமுக்கி எடுத்து வந்தாள். ஐந்து நாள். காலிப் பாட்டில்களை வேக வைத்தாள்.

"ஸ்டாஃப்புக்குக் குடுத்தாங்க. வெச்சுப் பாருங்க," என்று புருசனிடம் சொன்னாள்.

தென்னை நார்த்தூளில் நட்டு, பாலித்தீன் மூடி, காலையும் பொழுதோடவும் நீர் தெளித்தார்கள். வேர் பிடிக்க ஒன்றரை மாதம் ஆயிற்று. பாதி அழுகிப் போனது. பிழைத்ததைப் பாக்கியராஜ் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினான். ஒரு நாள் அவனாகவே சட்டையைப் போட்டுக்கொண்டு ராசாத்தாளிடம் போய் நிலம் கேட்டான். ஆடியில் குழி எடுத்தான்.

மூன்றாம் மாதமே இருதயம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. இலைக்காம்பு நீளவில்லை. இலை இலைமேல் உட்கார்ந்தது. கம்பெனியில் இந்த மாதிரிக் கன்றைப் பார்த்தால் பிடுங்கி எறிவார்கள். அன்றைக்குச் சாயங்காலம் பாக்கியராஜ் மடை திருப்பிவிட்டு, கால் சேற்றோடு வந்து, "இன்னிக்கு அறுநூறும் குடிச்சுருச்சு புள்ள," என்று சிரித்தான். அவள் கால் கழுவத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

*

அன்றைக்கு வேலை முடிந்து வந்தபோது பாக்கியராஜ் வாசலில் ஈரச்சாக்கை விரித்து, கிழங்கோடு பேர்த்த ஒரு வாழையை அதில் சுற்றிக்கொண்டிருந்தான். கிழங்கைச் சுற்றிக் கோழிக்குஞ்சு மாதிரி ஒன்பது கன்றுகள். சாக்குக்குள் அடங்கவில்லை.

அரிசியும் பருப்பும் ஒட்டுக்காப் போட்டுச் சோறாக்கி, தேங்காய் எண்ணெய் விட்டுக் கிளறி வைத்தாள். இரண்டு வட்டல்கள் எடுத்து வைத்துவிட்டு அவன் எதிரே உட்கார்ந்தாள். லைன் வீடு. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் யுவஸ்ரீ வீடு, அவளும் கம்பெனியில்தான் வெட்டுகிறாள். இவனிடம் ஒரு ரகசியம் சொல்ல வேண்டுமென்றால் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் சொன்ன மாதிரிதான். ஆனால் தறியில் கிடந்தவர்களுக்கு வேறு ஒரு பேச்சு உண்டு. சத்தத்தில் ஒன்றும் கேட்காத இடத்தில், உதட்டை மட்டும் அசைத்து, விரலைச் சேர்த்துக்கொண்டு, இருபது தறிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனோடு சண்டை கூடப் போடலாம். பாக்கியராஜ் அவளைக் கல்யாணம் பண்ணிக்கொள்கிறாயா என்று கேட்டதே அப்படித்தான். அவள் ஒரு அறுந்த நூலை முடிச்சுப் போட்டுவிட்டு, சரி என்றாள். ஆறு பேர் அதைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அதற்கு ஒன்றுதான் வேண்டும். எதிரில் இருக்கிறவன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

பாக்கியராஜ் சோற்றைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான். "சண்டைக்குப் போறவனாட்டப் போகக் கூடாது. 'ஏனுங் மேடம், நாங்க ஏதாச்சும் தப்புப் பண்ணிப்போட்டமான்னு பாத்துச் சொல்லுங்க'ன்னு கேக்கோணும். என்ன? தப்பு நம்முதா இருந்தாலும் இருக்கும். எனக்கென்ன வெவசாயம் தெரியும், தறிதான் தெரியும். மொத மாசம் தண்ணி எச்சாப் பாச்சிப்போட்டனோ என்னமோ."

"தண்ணியெல்லாம் சரியாத்தான் பாச்சுனீங்க."

அவனுக்குக் கேட்கவில்லை. அவள் அவன் மணிக்கட்டைத் தொட்டாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். எண்ணெய் மினுக்கும் வாய், கன்னத்தில் ஒரு பருக்கை. முந்தின வருசம் சுவரைப் பார்த்துக் கிடந்த முகம் இல்லை. வெயில் பட்டுக் கறுத்து, நாளைக்கு ஒரு ஆளைப் போய்ப் பார்த்துப் பேசப் போகிற முகம்.

அவள் உதட்டைத் திறந்தாள்.

"என்ன?" என்றான்.

"வெயிலுக்கு முந்திப் போங்க," என்றாள் சத்தமில்லாமல். "கன்னு வாடிப்போகும்."

"ஆமா ஆமா," என்று அவன் சோற்றுக்குத் திரும்பினான்.

*

மறுநாள் பாக்கியராஜ் பதினொரு மணிக்குத்தான் கம்பெனிக்கு வந்தான். வண்டி பாதி வழியில் நின்றுபோய்த் தள்ளிக்கொண்டு வந்ததாகப் பிறகு தெரிந்தது.

வெட்டுகிற அறைக்கும் நடைக்கும் நடுவில் பெரிய கண்ணாடி. கன்று வாங்க வருகிற விவசாயிகள் அங்கே நின்று பார்ப்பார்கள், சில பேர் போட்டோ எடுப்பார்கள். இருதயம்மாள் ஒரு பாட்டிலைத் திறந்து கொத்தை வெளியே எடுத்திருந்தாள். ஓரக்கண்ணில் சாக்கின் பழுப்பு தெரிந்தது. திரும்பினாள்.

பாக்கியராஜ் வெள்ளைச் சட்டை போட்டு, தலை படியச் சீவி, சாக்குப் பொதியைக் குழந்தை மாதிரித் தூக்கிக்கொண்டு நின்றான். சட்டையில் கிழங்கு மண். பக்கத்தில் ஷைலா. ஷைலா அவன் காதுக்கு எட்டும்படி கத்திக் கேட்பது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மெல்லக் கேட்டது.

"ங்ணா, எந்த மாசம் வாங்கினீங்க? பில்லு இருக்குதுங்களா?"

"பில்லெல்லாம் இல்லீங் மேடம். ஸ்டாஃப்புக்குன்னு நீங்கதான் குடுத்தீங்களாம்."

"ஸ்டாஃப்புக்கு நாங்க கன்னு குடுக்கறதே இல்லைங்களே."

சாக்கு விலகி வாழை வெளியே வந்தது. ஷைலா குனிந்து அந்த நெருக்கிய இலைகளைப் பார்த்தாள். கிழங்கைச் சுற்றிய கன்றுகளைப் பார்த்தாள். அவள் கை அப்படியே நின்றது. அந்த மாதிரிப் பெருத்ததை எங்கே பார்த்தோம் என்று அவளுக்கு ஞாபகம் வந்துகொண்டிருப்பதை இருதயம்மாள் இங்கிருந்தே பார்த்தாள். இன்னும் ஒரு நிமிசம். அவன் இன்னொரு வார்த்தை பேசினால் ஷைலா பூசணம் என்று எழுதிய பதிவேடும் சேர்ந்து வெளியே வரும்.

இருதயம்மாள் மாஸ்க்கைக் கீழே இழுத்தாள். இடுக்கியால் கண்ணாடியைத் தட்டினாள். பாக்கியராஜுக்குச் சத்தம் கேட்டிருக்காது, அதிர்வு பட்டிருக்கும். அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

தறிப் பேச்சில் சுற்றி வளைக்க முடியாது. அதில் அவ்வளவு வார்த்தைகள் இல்லை.

கம்பெனி குடுக்கல, என்றாள். நான் எடுத்தேன். கொட்டச் சொன்ன கன்னு. மருந்து ரெட்டிப்பு. அதும் நான் போட்டது.

பதினாறு பெட்டியும் இரைந்துகொண்டிருந்தன. யுவஸ்ரீ தலையைத் திருப்பி, புருசன் பெண்டாட்டி ஏதோ ஊட்டுச் சங்கதி பேசுகிறார்கள் என்று மறுபடி தன் பாட்டிலுக்குத் திரும்பினாள்.

பாக்கியராஜ் ரொம்ப நேரம் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றான், இன்னும் ஏதாவது வரும் என்பது போல. பிறகு அவன் உதடு அசைந்தது. எப்பருந்து தெரியும்?

அவள் மூன்று விரலைக் காட்டினாள். மூணாம் மாசம்.

அவன் சாக்கை மூடினான். ஒவ்வொரு கன்றாக உள்ளே தள்ளி மூட வேண்டியிருந்தது. ஷைலா ஏதோ கேட்டாள்.

"ஒண்ணுமில்லீங் மேடம்," என்றான் சத்தமாக. "நாந்தான் தப்பாச் சொல்லிப்போட்டேன். இது இங்கத்திக் கன்னு இல்லீங்க. வேற பக்கம் வாங்குனதுங்க. ஊட்டுச் சாவி எங்கன்னு அவகிட்டக் கேட்டேன், அப்பத்தான் இதையுஞ் சொல்றா. வாரனுங்க."

அவன் போனான். நடையில் மண் உதிர்ந்து கிடந்தது.

ஷைலா உள்ளே வந்து இருதயம்மாள் பின்னால் நின்றாள். "அக்கா, மாஸ்க்," என்றாள். பிறகு பக்கத்தில் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், "பூசணம்னு எழுதினது என் கையெழுத்துங்க்கா."

"தெரியுமுங்க மேடம்."

"இனிமே வேக வைக்கறப்ப நானும் கூட நிப்பேன்."

"சரிங்க."

அவள் வாயைத் திறந்தபோது திறந்திருந்த பாட்டில், முன்னால் இருந்த தட்டு, எல்லாம் கெட்டுப்போனதுதான். மூன்று நாள் பார்க்க வேண்டியதில்லை. இருதயம்மாள் தானே எடுத்துக்கொண்டு போய் ஆவிப்பெட்டியில் அடுக்கினாள். நல்ல குருத்துகள், பாட்டிலுக்குப் பன்னிரண்டு. மூடியைத் திருகி, அழுத்தம் காட்டுகிற முள் பதினைந்துக்கு ஏறுகிற வரைக்கும் நின்று பார்த்தாள். ஷைலாவும் நின்றாள்.

*

பொழுதோட அவள் தோட்டத்துக்குப் போனபோது நாலு வரிசை கீழே கிடந்தது. பாக்கியராஜ் வெள்ளைச் சட்டையைக் கழற்றித் தென்னையில் மாட்டிவிட்டு வெட்டிக்கொண்டிருந்தான். வாழை வெட்டுவது பெரிய வேலை இல்லை, ஒரே வீச்சு. அவன் மூன்று நாலு வீச்சு வீசினான்.

அவள் முன்னால் போய் நின்றாள். அவன் நிமிர்ந்தான்.

"எடுத்தது உடு. மருந்து போட்டது உடு," என்றான். தோட்டம் முழுக்கக் கேட்டது. "கை தப்பும். நானும் தறியில பாவு நூல அறுத்திருக்கறேன். தெரிஞ்சும் ஆறு மாசம் என்னையத் தண்ணி கட்ட உட்டயே. விடியால எந்திரிச்சு எந்திரிச்சு வந்தனே. பைத்தியக்காரனாட்ட."

"எந்திரிச்சீங்கல்ல," என்றாள் இருதயம்மாள். "அதுக்குத்தானுங்க சொல்லல."

அவன் அதைப் படித்தானா என்று தெரியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டான். காது போன மனுசன் முகத்தைத் திருப்பிக்கொண்டால் கதவைச் சாத்தினது மாதிரி. தட்டவும் முடியாது.

சத்தம் கேட்டு ராசாத்தாள் வந்துவிட்டாள். வெட்டிக் கிடந்ததைப் பார்த்து, "என்னப்பா, கலெக்டருக்குக் காட்டறதுக்கு முந்தியே சாய்ச்சுப்போட்ட?" என்றாள்.

பாக்கியராஜ் திரும்பவில்லை. இருதயம்மாள்தான் சொன்னாள், வாய்விட்டு. கரண்டு போனது, மருந்து, போசி, மூன்றாம் மாதம், எல்லாம். மேடத்தின் பதிவேட்டை மட்டும் சொல்லவில்லை. ராசாத்தாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டு முடித்தாள்.

"பழுதுன்னு தெரிஞ்சே என்ற தண்ணியப் பாச்ச உட்டிருக்கற."

"ஆமாங்கம்மா."

"சித்திரையில. கெணத்துல அடி தெரியறப்ப."

ராசாத்தாள் குனிந்து, கீழே கிடந்த ஒரு இலையைக் கிள்ளிப் பார்த்தாள்.

"வெட்டுனத மாட்டுக்குப் போடலாமா? மருந்து கிருந்து இருக்குமா?"

"போடலாமுங்க. மருந்தெல்லாம் எப்பவோ போயிருச்சுங்க. கோளாறு மட்டுந்தான் தங்கிப்போச்சு."

"அப்பக் கட்டிப் போடு. கெழங்கும் ஒண்ணு உடாமப் பேத்தெடுக்கோணும். உட்டா மறுக்கா வந்து நிக்கும். மழைக்கு முந்தி எனக்கு நெலம் சுத்தமா வேணும்." போகும்போது நின்று, "அதுக்கப்பறம் நெலம் யாருக்குன்னு அப்பப் பாக்கலாம்," என்றாள்.

அறுநூறு கிழங்கு. விடிகாலையில் இரண்டு பேரும் வந்து கடப்பாரையைப் போட்டார்கள். இருதயம்மாள் எட்டுமணி வரைக்கும் தோண்டிவிட்டு வேலைக்குப் போவாள், பொழுதோட வந்து மறுபடி தோண்டுவாள். மண் காய்ந்து இரும்பாக இருந்தது. ஒரு கிழங்குக்கு அரைமணி நேரம் பிடித்தது. கிழங்கைப் பிளந்தால் உள்ளே எங்கே பார்த்தாலும் வெள்ளை வெள்ளையாகக் குருத்துக் கண். பாக்கியராஜ் எப்போதும் அவளுக்கு ஒரு வரிசை முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தான். வீட்டிலும் சோற்றைப் பார்த்தே சாப்பிட்டான். அவள் அந்த முதுகோடு பேசினாள், சாதாரணச் சங்கதிகள். யுவஸ்ரீக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசை நேரம் மாற்றிவிட்டார்கள். விமானம் ஒன்று போனது. அவளுக்கே அவள் குரல் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து அப்படியே வந்தார்கள். மத்தியானம் தென்னை நிழலில் உட்கார்ந்து அவள் தூக்குப்போசியைத் திறந்து வைத்தாள். கொள்ளுப்பருப்பும் சோறும் பிசைந்தது. இரண்டு பேருக்கும் ஒரே போசி. அவள் தன் பங்கை மூடியில் எடுத்துக்கொண்டு போசியை அவன் பக்கம் தள்ளினாள். அவன் கையில் கொப்புளம் உடைந்து, மண் ஒட்டியிருந்தது. இடது கையால் போசியைப் பிடித்துக்கொண்டு தின்றான்.

பாதியில் நின்றான். போசியைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். ஐந்து நாளில் முதல் தடவை.

இந்தப் போசியிலயா கொண்டாந்த? என்று கேட்டான், சத்தமில்லாமல்.

ஆமாங்க, என்றாள் அவளும் சத்தமில்லாமல்.

அஞ்சு நாளும்?

அஞ்சு நாளும்.

அவன் போசியைச் சாய்த்து உள்ளே ஒருமுறை பார்த்தான். பிறகு மிச்சச் சோற்றை விரலால் வழித்துத் தின்றுவிட்டு, கழுவத் தண்ணீர் ஊற்றச் சொல்லிப் போசியை அவளிடம் நீட்டினான். இன்னும் நானூறு கிழங்குக்கு மேல் இருந்தது.